உப்புக்காற்றில் டிரெய்லர்: பெட்டிகளை அடுக்கவும் திறக்கவும் முழுமையான வழிகாட்டி

தங்கிப் பயணம் போகும் டிரெய்லரில் இடம் போதவில்லை என்பவர்களின் வண்டியைத் திறந்து பார்த்தால் இடம் தாராளமாகவே இருக்கும். வேண்டிய சாமான் வேண்டிய நேரத்தில் கைக்கு வராத மூலையில் கிடக்கும், அவ்வளவுதான். பஞ்சர் சாமான் கட்டிலுக்கு அடியில், கட்டிலின்மேல் தூங்குகிற குழந்தை. சக்கரத்துக்கு அணை கொடுக்கும் கட்டை சமையல் மேடைக்குப் பின்னால். எல்லாரும் செய்யும் தவறு ஒன்றே: எந்தப் பெட்டியில் எது கொள்ளும் என்று பார்த்து அடுக்குவது. எந்த நேரத்தில், வண்டியின் எந்தப் பக்கம் நின்று அதை எடுப்போம் என்று யோசித்து அடுக்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மீதிப் பாதி இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையின் உப்பும் மணலும் முள்ளும்.

இங்கே சொல்வது ஜீப்போ எஸ்யூவியோ இழுக்கும் 12 முதல் 16 அடி நீள, ஒற்றை அச்சு டிரெய்லருக்கு. வீடாக மாற்றிய வேன் வைத்திருப்பவர்கள் 5ஆம் படியை மட்டும் தாண்டிவிடலாம். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். முந்தைய படி முடியாமல் அடுத்ததைத் தொட்டால் அடுக்கியதைத் திரும்ப இறக்க வேண்டிவரும்.

தொடங்குமுன் கையில் வேண்டியவை

அளவு டேப், பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப், அழியாத மார்க்கர், வீட்டில் ஆள் எடை பார்க்கும் எடைக்கருவி, 4 அடி நீளக் கனமான பலகை ஒன்று, ஒரு செங்கல், இரண்டு குழாய்த் துண்டுகள், 2 அங்குல பெயிண்ட் பிரஷ், ஈர்க்குச்சி நாலைந்து, பூட்டுக்குப் போடும் கிராஃபைட் பொடி, ரப்பருக்குப் பூசும் சிலிக்கோன் கிரீஸ். நிழலான ஒரு தளமும் ஒரு முழுப் பகலும் வேண்டும். புறப்படும் நாள் காலையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

1. காலி செய்து எடை போடுங்கள்

ஒரு ஸ்பூன்கூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் இறக்குங்கள். தண்ணீர் தொட்டியையும் வடித்துவிடுங்கள். காலி டிரெய்லரை எடை மேடைக்குக் கொண்டுபோய், இழுக்கும் வண்டியிலிருந்து கழற்றித் தனியாக எடை பாருங்கள். உப்பு லாரியும் கரி லாரியும் ஓடும் மாவட்டம் இது. எடை மேடை தேடி அலைய வேண்டியிருக்காது.

டிரெய்லரின் தகட்டில் அதிகபட்ச எடை பொறித்திருக்கும். அதிலிருந்து காலி எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடியது வரும். உதாரணமாக 1,300 கிலோ வரம்பு, காலி எடை 1,020 என்றால் மிச்சம் 280. அதில் 80 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 80 கிலோ போயிற்று. 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் உருளையோடு ஏறத்தாழ 30 கிலோ வரும். ஆக, உங்கள் சாமானுக்கு 170 கிலோதான்.

விற்றவர் சொன்ன காலி எடையை நம்பிவிடாதீர்கள். பின்னால் மாட்டிய ஏசி, சோலார் தகடு, கூடுதல் பாட்டரி எதுவும் அந்தக் கணக்கில் இருக்காது.

2. ஒவ்வொரு பெட்டியையும் அளந்து எண் போடுங்கள்

வெளிப்பெட்டி, கட்டிலடி, உட்காரும் பலகைக்கு அடியில், மேல் அலமாரி என்று எல்லாவற்றுக்கும் காகித டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். உள்ளளவு எடுக்கும்போது கதவு வாயின் அளவையும் தனியாக எடுங்கள். பெட்டி 45 செ.மீ. உயரம் இருக்கும், வாய் 32 செ.மீ.தான் இருக்கும். உள்ளளவை மட்டும் பார்த்து டப்பா வாங்கியவர்கள் அதை உள்ளே நுழைக்க முடியாமல் நிற்பார்கள்.

ஆழத்தைக் கையை நீட்டியே பாருங்கள். மண்டியிட்டு உள்ளே கை விட்டால் சுமார் 60 செ.மீ. எட்டும். அதற்கு அப்பால் இருக்கும் இடத்தில் வைப்பது தானாக வெளியே வராது. அங்கே வைக்கும் டப்பாவின் முன் கைப்பிடியில் நைலான் கயிறு கட்டி, கயிற்றின் நுனியைக் கதவருகே ஒரு கொக்கியில் மாட்டுங்கள். இழுத்தால் வந்துவிடும். இழுப்பறைத் தடம் வைத்துப் பலகை போடலாம்தான், ஆனால் மணல் புகுந்தால் அந்தத் தடத்தின் குண்டுகள் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். வெளிப்பெட்டிக்குக் கயிறே மேல்.

3. சாமான் ஏற்றுமுன் கதவுகளைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். நிரம்பிய பெட்டியின் கதவைப் பழுதுபார்க்க முடியாது.

முதலில் கதவைச் சுற்றியுள்ள ரப்பர். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே வைத்து மூடிப் பூட்டுங்கள். காகிதத்தை இழுங்கள். இறுக்கமாக, தயங்கித் தயங்கி வந்தால் ரப்பர் அழுந்துகிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இடைவெளி. ஒரு சாண் தள்ளி அடுத்த இடம், இப்படியே நான்கு பக்கமும். பெரும்பாலும் கீழ் விளிம்பின் இரண்டு மூலைகளிலும்தான் குறை தெரியும், ஏனென்றால் கதவின் பாரம் கீலை இழுத்துச் சரிய வைக்கிறது. கீல் திருகை இறுக்கிப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ரப்பரை மாற்றுங்கள்.

ரப்பருக்கு வாசலின் தடவும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். பெட்ரோலிய மெழுகு ரப்பரை ஊதிப் பருக்க வைத்து நாளடைவில் கெடுத்துவிடும். சிலிக்கோன் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு போதும்.

பூட்டுத் துளைக்குள் தேங்காய் எண்ணெயும் எஞ்சின் ஆயிலும் விடுவதும் அப்படித்தான். அன்றைக்குச் சாவி வெண்ணெயாகச் சுழலும். பறக்கும் நுண்மணல் அந்த எண்ணெயில் ஒட்டி, நாலு நாளில் உப்புத்தாள் பசைபோல ஆகிவிடும். பிறகு சாவி உள்ளேயே முறியும். கிராஃபைட் பொடியை ஊதிவிட்டு, சாவியை ஐந்தாறு முறை போட்டெடுங்கள். பல டிரெய்லர்களின் வெளிப்பெட்டிப் பூட்டுகள் ஒரே எண்ணுள்ள சாவியில் திறக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். சாவியில் பொறித்த எண் பக்கத்து வண்டியின் சாவியிலும் இருந்தால் பூட்டை மாற்றிவிடுங்கள்.

கதவுச் சட்டத்தின் கீழ் விளிம்பில் நெல்மணி அளவு ஓட்டை ஒன்றிரண்டு இருக்கும். அது தண்ணீர் வடிவதற்கு. அங்கே மணலும் உப்பும் சேர்ந்து கெட்டியான வெள்ளைக் கட்டியாக அடைத்திருக்கும். ஈர்க்குச்சியால் குத்தி எடுங்கள். கம்பியால் குத்தினால் பெயிண்ட் உரிந்து துரு அங்கிருந்தே ஆரம்பிக்கும்.

கீலும் திருகும் மாற்றுவதாக இருந்தால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். சமையல் பாத்திரத்துக்குப் போடும் 304 ரகம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விடும். 316இல் மாலிப்டினம் சேர்ப்பதால் உப்புக்கு அது கூடுதலாகத் தாங்கும். அலுமினியச் சட்டத்தில் ஸ்டீல் திருகு போடும்போது நடுவே நைலான் வாஷர் வையுங்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் மாவாக அரித்துப்போகும்.

4. சாமானை நான்கு குவியலாகப் பிரியுங்கள்

தரையில் பாய் விரித்து, எடுக்கும் நேரத்தைப் பொறுத்துப் பிரியுங்கள். முதல் குவியல், நடுரோட்டில் அவசரத்துக்கு எடுப்பது. இரண்டாவது, வண்டியை நிறுத்தியதும் வெளியே நின்று எடுப்பது: தண்ணீர்க் குழாய், மின் வயர், பாய். மூன்றாவது, உள்ளே தினமும் புழங்குவது. நான்காவது, பயணம் முழுக்க ஒருமுறையோ இருமுறையோ எடுப்பது.

ஐந்தாவது குவியல் ஒன்று எப்போதும் தானாக உருவாகும்: ஒருவேளை தேவைப்படலாம் என்பவை. அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 170 கிலோவைத் தின்பது அந்தக் குவியல்தான்.

5. எடையை அச்சுக்கு அருகே, தாழ்வாக, சற்றே முன்னால் வையுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. பின்பக்கம் கனத்த டிரெய்லர் வேகத்தில் வாலாட்டும். ஆட்டம் முற்றினால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துச் சாய்க்கும். மண்டபத்திலிருந்து பாம்பன் சாலைப் பாலம் ஏறும்போது தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலப்பக்க விலாவில் அடிக்கிறது. ராமேஸ்வரம் தாண்டித் தனுஷ்கோடிச் சாலையிலும் அதே கதைதான், மறைக்க ஒரு மரம் கிடையாது. கொக்கியில் மாட்டும் முன்முனையான மூக்கு லேசாக இருக்கும் டிரெய்லரை அந்த இடங்களில் காற்று கண்டுபிடித்துவிடும்.

இழுக்கும் வண்டியின் கொக்கியின்மேல் இறங்கும் மூக்கெடை, நிரம்பிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 1,200 கிலோ என்றால் 120 முதல் 180 கிலோ. உங்கள் வண்டியின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதையும் பாருங்கள். இரண்டில் குறைந்ததே உங்கள் வரம்பு. கொக்கி 10 சதவீதத்தையே தாங்காது என்றால் அந்த வண்டிக்கு அந்த டிரெய்லர் பெரிது.

அளப்பது எளிது. சமதளத்தில் டிரெய்லரை நிறுத்திச் சக்கரங்களுக்கு அணை கொடுங்கள். வீட்டு எடைக்கருவி இவ்வளவு எடையை நேரடியாகத் தாங்காமல் போகலாம், அதனால் பலகை வேண்டும். பலகையின் ஒரு முனைக்கு அடியில் செங்கல்மேல் ஒரு குழாய்த் துண்டு. அதிலிருந்து 3 அடி தள்ளி எடைக்கருவி, அதன்மேல் இன்னொரு குழாய்த் துண்டு. பலகை சமமாக நிற்கும்படி உயரத்தைச் சரிசெய்துகொண்டு, வெறும் பலகைக்கு முள் காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது செங்கல் பக்கக் குழாயிலிருந்து 1 அடியில் டிரெய்லரின் மூக்கை இறக்குங்கள். காட்டும் எடையில் பலகைக் கணக்கைக் கழித்து 3ஆல் பெருக்குங்கள். முள் 45 கூடுதலாகக் காட்டினால் மூக்கெடை 135.

குறைந்தாலோ கூடினாலோ எவ்வளவு நகர்த்துவது? நகர்த்தும் எடையை நகர்த்திய தூரத்தால் பெருக்கி, அச்சுக்கும் கொக்கிக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால் மூக்கெடை எவ்வளவு மாறும் என்று வரும். அச்சிலிருந்து கொக்கி 3.5 மீட்டர் என்று வையுங்கள். பின்கடைசியில் இருக்கும் 20 கிலோ டப்பாவை 3.5 மீட்டர் முன்னால் கொண்டுவந்தால் மூக்கில் 20 கிலோ கூடும். கண்ணால் பார்த்துத் தோராயமாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

தண்ணீர்தான் இங்கே பெரிய பாரம். கரையோர ஊர்கள் பலவற்றில் ஊற்று உப்புக் கரிக்கும் என்பதால் குடிக்கத் தண்ணீர் கொண்டே போக வேண்டியிருக்கிறது. 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோ. நான்கு கேனைப் பின்கதவருகே வரிசையாக வைப்பது, எடுக்கச் சுலபம் என்பதால், மிகப் பரவலான பிழை. அச்சுக்கு நேர்மேலே, இடம் இரண்டு வலம் இரண்டாகப் பிரித்து வைத்துக் கட்டுங்கள். நிலையான தொட்டியை முழுதாக நிரப்புங்கள் அல்லது காலியாக ஓட்டுங்கள். பாதித் தண்ணீர் வளைவில் அலைபாய்ந்து வண்டியையும் அலைக்கும்.

எல்லாம் வைத்தபின்னும் ஓட்டத்தில் வால் ஆடினால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டு வேகத்தைத் தானாக இறங்க விடுங்கள். ஓரங்கட்டி, எடையை மாற்றி வைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

6. இடப்பக்க வெளிப்பெட்டி: அவசரத்துக்கு மட்டும்

நம் சாலையில் இடது ஓரம்தான் பாதுகாப்பான பக்கம். வலப்பக்கப் பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் போக்குவரத்துக்கு முதுகைக் காட்டிக் குனிய வேண்டும். அதனால் முதல் குவியல் முழுவதும் இடப்பக்கமே. பாம்பன் பாலத்தின்மேல் எந்தக் காரணத்துக்கும் வலப்பக்கப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

உள்ளே இருக்க வேண்டியவை: சிவப்பு முக்கோணம், டார்ச், ஜாக்கி, டிரெய்லரின் சக்கர நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், ட்யூப்லெஸ் பஞ்சர் சாமான், காற்றடிக்கும் பம்பு, இரண்டு அணைக் கட்டை, 2 அடிக்கு 1 அடி அளவில் 18 மி.மீ. பிளைவுட் துண்டு இரண்டு.

ஸ்பேனரை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். இழுக்கும் வண்டியின் நட்டு ஒரு அளவு, டிரெய்லர் நட்டு வேறு அளவாக இருக்கலாம். வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். சீமைக்கருவேலம் மண்டிய ஓரங்களில் முள் டயருக்குள் இறங்கி முறிந்து, வெளியே புள்ளி மட்டும் தெரியும். காற்று ராத்திரி முழுக்கக் கசிந்து காலையில்தான் டயர் சப்பையாக நிற்கும். கொறடு ஒன்றும் இந்தப் பெட்டியில் போடுங்கள், முள்ளைப் பிடுங்க விரல் பத்தாது.

பிளைவுட் துண்டு ஜாக்கிக்கு அடியில் போட. மணலில் வெறும் ஜாக்கி, டிரெய்லரைத் தூக்காமல் தானே புதையும். டிரெய்லரின் நான்கு மூலையிலும் இருக்கும் தாங்கு கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான். அவற்றைச் சுழற்றி வண்டியைத் தூக்கினால் வளைந்துவிடும்.

இந்தப் பெட்டியில் வேறெதையும் வைக்காதீர்கள். ஒரு செருப்பு ஜோடி உள்ளே போனால் மறுநாள் பந்தும் வரும், அதற்கடுத்த நாள் ஈரத் துண்டும் வரும்.

7. காஸ் பெட்டியும் பாட்டரிப் பெட்டியும்

காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே தங்கும். அதனால் காஸ் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே போகும் துவாரம் திறந்தே இருக்க வேண்டும். அந்தத் துவாரம் வழியாக மணல் ஏறுகிறது என்று பழந்துணியை அடைத்து வைத்திருப்பவர்களை இந்தக் கரையில் அடிக்கடி பார்க்கலாம். உயிரோடு விளையாடும் வேலை அது. துணியை எடுத்துவிட்டு நுண்ணிய கம்பிவலை பொருத்துங்கள், வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுங்கள். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், வாரால் கட்டியிருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் வயர், பாட்டரி, பொறி தரும் எதுவும் கூடாது.

ஈய அமில பாட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அது லேசானது, மேலே போகும். எனவே பாட்டரிப் பெட்டிக்குத் துவாரம் மேல்பக்கம்.

8. கட்டிலடி

நான்காவது குவியல் இங்கே. கட்டில் பலகையைத் தூக்கிப் பிடிக்கும் காஸ் தண்டின் மெல்லிய கம்பி, பலகை மூடியிருக்கும்போது கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் எண்ணெய் அடைப்பு வளையத்தை நனைத்து வைத்திருக்கும். தலைகீழாக மாட்டினால் சீக்கிரம் காற்று இறங்கிவிடும். மாற்றும்போது குழாயில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் எண்ணையும் நீளத்தையும் அப்படியே பார்த்து வாங்குங்கள். தண்டு எவ்வளவு புதிதாக இருந்தாலும், தலையை உள்ளே விடுமுன் ஒரு முட்டுக்கட்டை கொடுங்கள்.

துணிமணி, போர்வையை மூடி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டிலடித் தளம் வியர்க்கும். டப்பாவைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் ஒரு அங்குலச் சட்டம்மேல் வையுங்கள், அடியில் காற்றோடும். வயர் நுழையும் ஓட்டைகளில் ஸ்டீல் நார் திணியுங்கள். எலி அதைக் கடிக்காது.

9. மேல் அலமாரியும் சமையல் சாமானும்

மேலே லேசானது மட்டும். ஓர் அலமாரிக்கு 4, 5 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடை. ஒவ்வொன்றிலும் அலமாரிக் கதவின் தாழ் உதை வாங்குகிறது. ஊறுகாய் ஜாடி, எண்ணெய், அரிசி, குக்கர் எல்லாம் கீழே.

நிறுத்தியபின் மேல் அலமாரியைத் திறக்கும்போது ஒரு உள்ளங்கையைக் கதவின்மேல் அழுத்திக்கொண்டு மற்ற கையால் தாழை விடுங்கள். உள்ளே சாய்ந்திருப்பது கதவைத் தள்ளினால் கைக்குத் தெரியும். மெல்ல இரண்டு விரல் இடைவெளி திறந்து பார்த்துவிட்டு முழுதாகத் திறங்கள்.

வெங்காயம், பூண்டுக்குப் பனையோலைக் கொட்டானைப்போல ஒன்றில்லை. காற்றோடும், அழுத்தினால் நெளிந்து இடத்துக்குப் பொருந்தும், உருண்டால் சத்தமில்லை. ஈரம் ஏறினால் கொட்டானில் பூசணம் பூக்கும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை வெயில் காட்டுங்கள். கருவாடு வாங்கினால் பூட்டு மூடி டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை மூடியுள்ள வாளிக்குள் வைத்து, வெளிப்பெட்டியில் வையுங்கள். உள்ளே வைத்தால் மெத்தை வாடை பிடித்துக்கொள்ளும்.

குளித்த துணி, செருப்பு, பாய்க்கு மீன் ஏற்றும் ஓட்டைக் கூடை ஒன்று வாங்குங்கள். தண்ணீரும் மணலும் தானே கீழே உதிரும். பின்பக்க வெளிப்பெட்டிக்கு அதுவே சரி.

10. நிறுத்தியதும் திறக்கும் ஒழுங்கு

முதலில் அணைக் கட்டை, பிறகு கொக்கி கழற்றல், பிறகுதான் மற்ற கதவுகள். வரிசை மாறினால், கொக்கி விட்ட டிரெய்லர் சரிவில் உருளும்.

காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நிறுத்துங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் போன்ற மன்னார் வளைகுடாப் பக்கம் உப்புத் தூவல் அதிகம். வாடைக் காலத்தில் அரியமான், தேவிபட்டினம், தொண்டி போன்ற பாக் விரிகுடாப் பக்கம். டிரெய்லரின் மூக்கு காற்றைப் பார்த்து நின்றால் பக்கவாட்டுப் பெட்டிகள் இரண்டும் ஓரளவு மறைவில் இருக்கும். காற்றுப் பக்கக் கதவைத் திறக்கவே வேண்டியிருந்தால் ஒரு கையால் பிடித்துக்கொண்டே திறந்து, உடனே கொக்கியில் மாட்டுங்கள். விட்டுவிட்ட கதவு திரும்பி அறைந்தால் கீலும் போகும், விரலும் போகும்.

வெளிப்பெட்டிக் கதவைத் திறக்குமுன் கீழ் விளிம்பிலுள்ள மணலைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் மணல் குழைந்து ரப்பருக்கடியில் போய் உட்காரும், அடுத்த முறை மூடும்போது ரப்பரையே அரைக்கும்.

கிளம்பும்போது டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு வெளிக்கதவையும் கையால் இழுத்துப் பாருங்கள். பார்வைக்கு மூடியிருக்கும், தாழ் விழுந்திருக்காது. எண் 1இல் தொடங்கி வரிசையாகப் போனால் ஒன்றும் விடுபடாது. தனுஷ்கோடியில் இருட்டியபின் வண்டி நிற்க விடமாட்டார்கள். மாலையில் அங்கே எல்லாரும் அவசரமாகக் கிளம்புவார்கள், இந்தச் சுற்றைத் தவறவிடுவதும் அங்கேதான். அதற்கென்று கால் மணி நேரம் முன்னதாகவே மூட ஆரம்பியுங்கள்.

11. வீடு வந்ததும்

மறுநாளைக்குத் தள்ளாமல் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கீல், பூட்டு முகம், கதவின் கீழ் விளிம்பு, காஸ் பெட்டி வலை, டிரெய்லரின் அடிப்பக்கம் என்ற வரிசையில் செய்யுங்கள். குழாயை மெல்லத் திறந்து ஓடவிட்டால் போதும். அழுத்தமாக அடித்தால் தண்ணீர் உப்போடு ரப்பரைத் தாண்டி உள்ளே போகும். வடிகால் ஓட்டைகளில் தண்ணீர் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மறுபடி ஈர்க்குச்சி.

எல்லாக் கதவையும் நிழலில் இரண்டு மணி நேரம் திறந்து வைத்து உலர்த்துங்கள். மூடும்போது தாழைக் கடைசிவரை இறுக்காமல், ரப்பர் லேசாகத் தொடும் அளவில் விட்டு வையுங்கள். மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்த ரப்பர் தட்டையாகி அப்படியே நின்றுவிடும், அடுத்த பயணத்துக்குக் காகிதச் சோதனையில் வழுக்கிக்கொண்டு வரும்.